லிஃப்ட் கிட் போடலாமா? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வட்டாரத்தில் தார், ஜிம்னி, கூர்கா, பழைய ஜிப்ஸி என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் நிறையவே ஓடுகின்றன. வண்டி வாங்கிய சில மாதங்களில் எல்லோருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது: இன்னும் கொஞ்சம் தூக்கினால் நன்றாக இருக்குமே! பண்ருட்டி, பாகூர், லாஸ்பேட்டை என்று எங்கிருந்து போன் வந்தாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வருவது முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

லிஃப்ட் கிட்னா என்னண்ணே? ஸ்பிரிங்கை மாத்துறதா, பாடியைத் தூக்குறதா?

இரண்டு வகையும் உண்டு. பாடி லிஃப்ட் என்றால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது. சேஸி, இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் ஸ்பிரிங்கை உயரமானதாக மாற்றி, அல்லது இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்ற கட்டை வைத்து, சேஸியையும் சேர்த்துத் தூக்குவது. கல்லிலும் மேட்டிலும் அடிப்பகுதி இடிக்காமல் இருக்க உதவுவது இதுதான். இனி நான் லிஃப்ட் என்று சொன்னால் இதையே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் போட்டா கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறும்தானே?

பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பது முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. சக்கரம் எங்கே நிற்கிறதோ ஆக்ஸிலும் அங்கேதான் நிற்கும். அதன் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். நீங்கள் 2 இன்ச் ஸ்பிரிங் போட்டாலும் சரி, 4 இன்ச் போட்டாலும் சரி, அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி, அப்படியே இருக்கும். உயர்வது சேஸி, பம்பர், கதவுக்குக் கீழே இருக்கும் பகுதி, பெட்ரோல் டேங்க்.

2020-இல் வந்த தாரில் முன்பக்கம் இன்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அங்கே டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்திருப்பதால் முன்னால் அதுவும் உயரும். பின்னால் முழு ஆக்ஸில்தான், அது உயராது. ஆக்ஸிலை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும்.

அப்போ எனக்கு லிஃப்ட் தேவையா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். வழக்கமாக நீங்கள் போகும் பாதையில் ஒருமுறை போய்வந்த பிறகு, வண்டியைக் கழுவாமல் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய உரசல் துருவேறிப் பழுப்பாக இருக்கும். புதிய உரசல் பளபளவென்று வெள்ளையாக இருக்கும். அந்தப் பளபளப்பு எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் பதில்.

டிஃபரன்ஷியலில் மட்டும் உரசல் இருந்தால் லிஃப்ட் வீண், டயரைப் பாருங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லோடு டிராக்டர் போன வண்டிப்பாதையில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. இரண்டு பக்கமும் டயர்த் தடம் ஆழமாக விழுந்து, நடுவே மண் வரப்பு மாதிரி நிற்கும். உருண்டை அதை உழுதுகொண்டே போகும். சேஸியின் நடுப்பகுதி, கதவுக்குக் கீழே, டேங்க் கார்டு, பின் பம்பர் இங்கெல்லாம் உரசல் இருந்தால் லிஃப்ட் உதவும். கல்வராயன் மலைப் பக்கம் பாறைப் பாதையில் போய்வருகிறவர்களின் வண்டியில் இந்த வகை உரசலைப் பார்க்கலாம். எங்குமே உரசல் இல்லையென்றால் உங்களுக்கு எதுவும் தேவையில்லை, அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

சரி, எத்தனை இன்ச் போடலாம்? ஃப்ரெண்டு 4 இன்ச் போட்டிருக்கான்.

நம் ஊருக்கு 2 இன்ச்சுக்கு மேல் யாருக்கும் நான் சொல்வதில்லை. அதற்கு மேல் போனால் கூடவே வரும் செலவுகள் அதிகம்: கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் ஹோஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம், ஸ்டியரிங் இணைப்பு எல்லாவற்றையும் தொட வேண்டும். வண்டியின் எடை மேலே ஏறுவதால் வளைவில் சாயும் பயமும் கூடும். நம் ஓட்டத்தில் பெரும்பகுதி ஈசிஆர், திண்டிவனம் ரோடு, விழுப்புரம் ரோடு. மாதத்தில் ஒரு நாள் மலைக்குப் போவதற்காக மற்ற நாள் முழுக்கப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வது சரியில்லை.

இன்னொன்று, வண்டியின் நீளத்தையும் பாருங்கள். மூன்று கதவு தாரின் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) 2450 மில்லிமீட்டர், ஐந்து கதவு தாரான ராக்ஸுக்கு 2850. மேடு ஏறி இறங்கும்போது நடுவயிறு தட்டுவது நீளமான வண்டிக்குத்தான் அதிகம். எனவே ராக்ஸ் வைத்திருப்பவர் 2 இன்ச் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மூன்று கதவு தாரில் 226 மில்லிமீட்டர் கிளியரன்ஸும் 27 டிகிரி நடுவயிற்றுக் கோணமும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. அதை முதலில் முழுசாகப் பயன்படுத்திப் பாருங்கள்.

ஸ்பேசர் மட்டும் வெச்சா சீப்பா முடியுதே, அது போதாதா?

கொஞ்சம் உயரத்துக்கு, அதாவது ஒரு இன்ச் அளவுக்கு, பழைய ஸ்பிரிங் நன்றாக இருந்தால் போதும். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டியைச் சமன் செய்யப் பலர் இதைச் செய்கிறார்கள், தவறில்லை.

ஆனால் 2 இன்ச் ஸ்பேசர் வைத்துப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டால், ஷாக்கின் நீளம் போதாது. சக்கரம் குழியில் இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு "டக்" என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஷாக்கின் உள்ளே அடி விழுகிறது. மேலும் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடும் தூரம் குறைகிறது. ஆஃப் ரோடில் பிடிப்பு தருவதே அந்த இறக்கம்தான். உயரம் கூடி, பிடிப்பு குறைந்த வண்டியால் என்ன பயன்? ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் ஷாக், சக்கரம் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

என்கிட்ட பழைய ஜிப்ஸி. கமான் பட்டைக்கு என்ன செய்யறது?

முதலில் பட்டை தளர்ந்து தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல ஜிப்ஸிகளுக்கு லிஃப்டே வேண்டாம்; புதுப் பட்டை போட்டாலே தொலைந்த உயரம் திரும்பிவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் வளைவு கூடுதலாக உள்ள முழு செட் போடுவதுதான் நல்லது. கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தாலும் உயரும், ஆனால் காலி வண்டி கல்லு மாதிரி குதிக்கும்.

பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கினால் 2 இன்ச் நீளத்துக்கு 1 இன்ச் உயரம்தான் கிடைக்கும். ஆக்ஸிலின் கோணமும் மாறிவிடும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைப்பதைப் பின்பக்கம் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். முன் ஆக்ஸிலில் பிளாக் வைக்கவே கூடாது. பிரேக் அடிக்கும்போதும் ஸ்டியரிங் திருப்பும்போதும் அங்கே வரும் விசையில் பிளாக் நழுவினால் வண்டி கைவிட்டுப் போய்விடும். பட்டறையில் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதற்குத் தலையாட்டாதீர்கள்.

ஜிம்னிக்கு 2 இன்ச் போட்டேன். அதுக்கப்புறம் ஈசிஆர்ல 80-ல போனா ஸ்டியரிங் மிதக்குது. டயர் பேலன்ஸ் பண்ணியும் போகல.

இது கேஸ்டர் பிரச்சினை, பேலன்ஸிங் செய்து தீராது. ஜிம்னியின் முன் ஆக்ஸிலை இரண்டு நீளமான ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. வண்டியைத் தூக்கும்போது அந்த ஆர்ம்கள் சாய, கூடவே ஆக்ஸிலும் லேசாகச் சுழன்றுவிடுகிறது. ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வரவைக்கும் அந்தச் சாய்வுதான் கேஸ்டர். அது குறைந்தால் ஸ்டியரிங் இறகு மாதிரி லேசாகும்; எதிரே பஸ் கடந்து போகும் காற்றுக்கே வண்டி அலையும். காலாப்பட்டு தாண்டி ரோடு திறந்து காற்று அடிக்கும் இடத்தில் நண்பர் ஒருவரின் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கை ஒரு நொடிகூட சும்மா பிடித்திருக்க முடியவில்லை, இடமும் வலமும் திருத்திக்கொண்டே வந்தார். ஸ்பிரிங் போட்ட பட்டறை கேஸ்டரைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

கேஸ்டர் கரெக்ஷன் புஷ் அல்லது திருத்திய ஆர்ம் போட்டு, வீல் அலைன்மென்டில் கேஸ்டர் அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். பல கடைகளில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இன்னொரு விஷயம்: ஆக்ஸிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பனார்ட் ராடின் நீளம் மாறாததால், தூக்கிய வண்டியில் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். இடது டயர் மட்கார்டுக்கு உள்ளே, வலது டயர் வெளியே என்று தெரிந்தால், நீளம் மாற்றக்கூடிய பனார்ட் ராட் தேவை.

தாருக்கும் இதே தொல்லைதானா?

வேறு தொல்லை. முன்பக்கம் இன்டிபெண்டென்ட் என்பதால் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோவும் மாறும். சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஆக்ஸில் ஷாஃப்டின் கோணம் கூடும். கோணம் கூடினால் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிரீஸ் தெறிக்கும், மணல் புகும், ஜாயின்ட் போகும். 2 இன்ச்சுக்குள் இருந்தால் அலைன்மென்டோடு சமாளிக்கலாம். முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உள்ள பழைய தார் சிஆர்டிஇ வைத்திருப்பவர்கள் போல்டை முறுக்கியே முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். செலவே இல்லை, உண்மைதான். ஆனால் ஸ்பேசர் பற்றிய பதிலில் சொன்ன சக்கர இறக்கம் அங்கேயும் பறிபோகும்.

ஸ்பிரிங்ல லைட், மீடியம், ஹெவின்னு இருக்கு. ஹெவி வாங்கினா நல்லதுதானே?

இல்லை. எப்போதும் வண்டியில் இருக்கும் எடைக்குத்தான் ஸ்பிரிங். இரும்பு பம்பர், வின்ச், கூரையில் கேரியர், பின்னால் பெட்டி என்று நிரந்தரமாக ஏற்றியிருந்தால் ஹெவி வாங்குங்கள். ஒரு குடும்பம், ஒரு ஸ்டெப்னி, கொஞ்சம் சாமான் என்றால் அதே ஹெவி ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. 2 இன்ச் கிட் 3 இன்ச் உயரம் காட்டும், முதுகு வலிக்கும், பிடிப்பும் குறையும். வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு எடைமேடையில் வண்டியின் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக நிறுத்தி எடை போடுங்கள். அந்த இரண்டு எண்களையும் கடைக்காரரிடம் சொன்னால் ஊகத்துக்கே வேலையில்லை.

லிஃப்டே வேணாம், பெரிய டயர் மட்டும் போட்டுக்கலாமா?

நம் பக்கத்துக்குப் பலருக்கு அதுதான் சரியான பதில். கணக்கைப் பாருங்கள். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் ஏறத்தாழ 703. அதாவது ஆக்ஸிலுக்கு 5 மில்லிமீட்டர்தான் லாபம். ஆனால் ஆல் டெரைன் டிசைனும் அகலமும் கிடைப்பதால் செம்மண் சகதியில் வித்தியாசம் தெரியும். 235/75 ஆர்15 போட்டால் 733, ஆக்ஸில் 20 மில்லிமீட்டர் உயரும். அங்கேதான் மட்கார்டில் உரசல் தொடங்கும், லிஃப்ட் தேவைப்படும்.

டயர் பெரிதானால் ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும்: 235/75 போட்டால், மீட்டரில் 80 என்று இருக்கும்போது உண்மையில் பழைய டயரைவிட 6 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்க மறக்காதீர்கள்.

மணல்ல மாட்டாம இருக்க லிஃப்ட் உதவுமா?

கிட்டத்தட்ட உதவாது. மணலுக்கு டயர் காற்றைக் குறைப்பதுதான் வழி. 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் நீளமாகப் படர்ந்து மணல் மேல் நிற்கும். வேகத்தைக் குறைத்து, திடீர் பிரேக்கும் திடீர் திருப்பமும் இல்லாமல் ஓட்ட வேண்டும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். முந்திரித்தோப்பு மணல் பாதைக்கு ஒரு நல்ல கம்ப்ரஸரும் ஒரு கேஜும் போதும்.

கடற்கரை மணலைச் சொல்கிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. டயர்த் தடத்தில் விழுந்த குஞ்சால் கடலுக்குப் போக முடியாது.

ஃபெஞ்சல் புயல்ல தெருவே ஆறா ஓடுச்சு. லிஃப்ட் இருந்திருந்தா வண்டி தப்பிச்சிருக்குமே?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி ஓயவே இல்லை. நிறுத்திவைத்த வண்டிக்குள் தண்ணீர் ஏற 2 இன்ச் அதிகம் தேவைப்படும், அது மட்டும்தான் ஆதாயம். ஓட்டுவதற்கு முக்கியம் இன்ஜின் காற்று இழுக்கும் இடம். தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் என்று கம்பெனி சொல்கிறது. லிஃப்டால் அது கொஞ்சம் கூடலாம், ஆனால் ஆக்ஸிலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் பழைய இடத்திலேயே இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் இறங்கும். எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

ஓடும் தண்ணீர் என்றால் பேச்சே வேறு. 2 அடி ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் எஸ்யூவியையே இழுத்துப்போகும். பெரிய டயர் போட்ட வண்டி இன்னும் சுலபமாக மிதக்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் லிஃப்ட் இருக்கிறதே என்று இறங்காதீர்கள்.

உப்புக்காத்துக்கு கிட் தாங்குமா?

தாங்கும், கவனித்தால். போல்டுகளைப் போடும்போதே கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்துக் கழற்றும்போது அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங்கில் கல்லடித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தை உடனே மூடுங்கள், ஸ்பிரிங் உடைவது அந்தத் துருவிலிருந்துதான் தொடங்கும். உப்பங்கழி, உப்பளம் பக்கம் போய்வந்தால் அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எந்த பிராண்ட் வாங்கலாம்?

ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டாபின்சன்ஸ் மூன்றும் ஆஸ்திரேலியா, ப்ரொஃபெண்டர் தாய்லாந்து. எல்லாமே பெயர் வாங்கியவை. பிராண்டைவிட மூன்று கேள்விகள் முக்கியம்: உங்கள் மாடலுக்கென்றே செய்ததா? ஐந்து கதவு ஜிம்னிக்கு மூன்று கதவு ஜிம்னியின் ஸ்பிரிங்கைத் தள்ளிவிடுகிறார்களா? ஷாக் போனால் ஒற்றை ஷாக் தனியாகக் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு "முழு செட்தான் சார்" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

ஆர்டிஓ பிடிப்பாங்களா? என் வண்டி பிஒய் நம்பர், டிஎன் நம்பர்னாதானே கெடுபிடி?

இரண்டுக்கும் சட்டம் ஒன்றே. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனவே "எல்லாரும் போடறாங்க" என்பதை நம்பிப் போடாதீர்கள். போடுவதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உயரமும் பெரிய டயரும் பம்பர் மாற்றமும் சேர்ந்தால் கண்ணில் படாமல் இருக்காது. நான் 2 இன்ச்சில் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் 2 இன்ச் என்றால் சட்டப்படி சரி என்று அர்த்தமில்லை.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணுமா? சொல்லாம விட்டா தெரியவா போகுது?

சொல்லுங்கள், எழுத்தில். சர்வேயர் வண்டியைப் பட்டறையில் உயரத் தூக்கிப் பார்க்கும்போது ஸ்பிரிங்கின் நிறமே காட்டிக்கொடுக்கும். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நிராகரிக்க அது போதும். வாரண்டியும் அப்படித்தான்: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆக்ஸில் சம்பந்தப்பட்ட எந்தப் பழுதுக்கும் கம்பெனி கையை விரிக்கலாம். வாரண்டி முடியும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

என் ராக்ஸ்ல அடாஸ் கேமரா இருக்கு. அது குழம்புமா?

குழம்ப வாய்ப்பு உண்டு. அடாஸ் என்பது முன்னால் வருவதைப் பார்த்து எச்சரிக்கும், தானாகப் பிரேக்கும் போடும் ஓட்டுநர் உதவி வசதி. அதன் கேமரா முன்கண்ணாடியில் இருக்கிறது. வண்டியின் உயரமும் முன்பின் சாய்வும் மாறினால் அது பார்க்கும் கோணமும் மாறும். மறுபடி காலிபரேஷன் செய்யாமல் தானியங்கி பிரேக்கை நம்பி ஓட்ட வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே அளவு தூக்கினால் சாய்வாவது மாறாது. ஹெட்லைட்டுக்கும் இதே கதைதான், அதற்கு அடாஸ் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தூக்கிய எந்த வண்டிக்கும் லைட்டை இறக்கி வைக்காவிட்டால் எதிரே பைக்கில் வருகிறவர் கண் கூசிக் கீழே விழுவார்.

பட்டறையில வேலை முடிஞ்சதும் நான் என்ன பார்க்கணும்?

புஷ் உள்ள போல்டுகளை எப்போது இறுக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டியின் முழு எடையும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. எதிரில் நின்று பார்த்துச் செய்யவையுங்கள்.

அடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உயரத்தை அளக்கச் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும். வேலைக்கு முன்பும் பின்பும் நான்கு சக்கரத்துக்கும் எழுதிவையுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்ச நாளில் லேசாக அமரும், பயப்பட வேண்டாம். முதல் 500 கிலோமீட்டருக்குள் எல்லாப் போல்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, அலைன்மென்டையும் மறுபடி பாருங்கள்.

நாளைக்கு வண்டியை விக்கும்போது கிட்டைக் கழட்டி வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், பழைய ஸ்பிரிங்கும் ஷாக்கும் உங்களிடம் இருந்தால். அதனால் கழற்றிய கம்பெனிச் சாமான்களைப் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்துவாருங்கள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று பெயின்டில் குறித்து, எண்ணெய் துடைத்து, சாக்கில் கட்டி, தரையில் படாமல் வையுங்கள். சில வண்டிகளில் இடது வலது ஸ்பிரிங் உயரம் வேறாக இருக்கும். வாங்க வருகிறவர் லிஃப்டோடு கேட்டால், சட்டம் பற்றி மேலே சொன்னதை அவருக்கும் சொல்லிவிட்டு, பழைய செட்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.